ஒரே கட்டுத் துணி

இந்தா, பனங்கற்கண்டு. வாயில் அடக்கிக்கொள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இருமிக்கொண்டே வருகிறாயே அம்மா. கூச்சப்படாதே, என் கைப்பையில் இது எப்போதும் இருக்கும். எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருந்த காலத்துப் பழக்கம். குரல் போய்விட்டது. கற்கண்டு மட்டும் மிச்சம்.

நான் ராஜபாளையம் போகிறேன். நீ அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவாயா? சரி. பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறாய் போலிருக்கிறது. பைக்குள்ளிருந்து கரும்பு எட்டிப் பார்க்கிறது.

சிரிக்காதே, நான் இப்படித்தான் பேசுவேன். கல்லூரியில் தமிழ் படித்தேன். பிறகு ஓய்வு பெறும் வரை வானொலியில் அறிவிப்பாளர். செய்தி வாசித்து வாசித்து, வீட்டில் பால்காரரிடமும் அதே தமிழ்தான். என் பேர் ஹெப்சிபா. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனில் போய்க் கேட்டால் அந்தப் பேரில் யாருக்கும் தெரியாது. 'ரேடியோ அக்கா' என்றால் தெரியும். அங்கே தண்டவாளத்து ஓரமாகக் கிடக்கிற பிள்ளைகள் வைத்த பேர். பிள்ளைகள் என்றால் சின்னவர்கள் இல்லை. பதினாறு, பதினெட்டு, இருபது வயது. வீடு கிடையாது, அல்லது வீட்டைச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தலை முழுக்க நரைத்த பிறகு அவர்களுக்கு நான் அக்கா. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன்.

அவர்களில் ஒரு பெண்ணைத்தான் பார்க்கப் போகிறேன். அவள் வீட்டுக்கு. அவள் வீடு சேர்ந்துவிட்டாள், தெரியுமா? நான்தான் சேர்த்துவைத்தேன். போய் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிட்டால் மனசு அடங்கும். சபையில் கேட்டால், "இந்த வயசுல அலையாதீங்கம்மா, அதான் வீட்டுக்குப் போயிட்டாள்ல" என்கிறார்கள். அதான் போய்விட்டாளே. அப்புறம் ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை?

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் சபையில் பெண்கள் சங்கம் உண்டு. கிறிஸ்மஸ் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கேக் கொண்டுபோவோம், முதியோர் இல்லத்தில் பாடுவோம். இந்தத் தடவை நான்தான் சொன்னேன், ஜங்ஷன் பிள்ளைகளிடம் போகலாம் என்று. முதலில் யாருக்கும் மனசில்லை. "பர்ஸ அடிச்சிருவானுவ" என்று ஒருத்தி. "பாடுனா கேலி பண்ணுவானுவ" என்று இன்னொருத்தி. நான் விடவில்லை. கார்த்திகை முடிவதற்குள்ளேயே தனியாகப் போய்ப் பேசிப் பழகினேன். பார்சல் ஆபீசுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதுதான் அவர்கள் இடம். கேலி செய்தார்கள்தான். பாட்டில் பொறுக்குகிற பையன் ஒருவன், அவனை எல்லாரும் பெப்சி என்றே கூப்பிடுவார்கள். நான் என் பேரைச் சொன்னதும், "அப்போ நீங்க எப்சி, நான் பெப்சி. யக்கா, நாம சொந்தம்லா. பங்காளிக்கு ஒரு டீ வாங்கித் தாங்க" என்றான். வாங்கிக் கொடுத்தேன்.

அங்கேதான் பவுனு இருந்தாள். பவுன்தாயி என்று முழுப் பேர். பதினேழு வயதிருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவாள். யாரும் பின்னாலிருந்து வர முடியாதபடி. உன்னை மாதிரியே அவளுக்கும் இருமல். வறட்டு இருமல், ஆரம்பித்தால் நிற்காது. பனிக்காலத்தில் வெட்டவெளியில் படுத்தால் வேறென்ன வரும்? சுக்குக் கஷாயம் வைத்து பிளாஸ்கில் கொண்டுபோவேன். குடித்துவிட்டு, "நல்லாருக்குக்கா, ஆனா இது சளியில்ல" என்பாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

என்னிடம் ஒட்டிக்கொண்டாள். என்னைச் செய்தி வாசிக்கச் சொல்லுவாள். "பவுனு இன்னைக்கு ரெண்டு இட்லி தின்னாள்னு வாசிங்கக்கா." நானும் குரலைச் சரிசெய்துகொண்டு வாசிப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. கிறிஸ்மஸ் முடியட்டும், சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழைத்து வரலாம் என்று நினைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. முறைப்படி செய்ய வேண்டும் அல்லவா?

எங்கள் வழக்கம் ஒன்று சொல்கிறேன். கிறிஸ்மஸுக்குக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே துணியில் எடுப்போம். கடையில் ஒரு முழுக் கட்டு வாங்கி, அப்பாவுக்குச் சட்டை, அக்காவுக்குப் பாவாடை, கைக்குழந்தைக்குக் கவுன், மிச்சத்தில் அம்மாவுக்கு ரவிக்கை. காலையில் ஆராதனைக்கு நுழையும்போது, இது இன்னார் வீடு என்று பார்த்தவுடனே தெரியும். சின்ன வயதில் எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. இப்போது என் வீட்டில் நான் ஒருத்திதான். என்னோடு ஒரே துணியில் நிற்க யாருமில்லை.

அதனால்தான் தோன்றியது. அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய துணி கொடுக்கக் கூடாது. ஒரே கட்டில் புதுத்துணி எடுத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாக நிற்கட்டும். நானே போய் எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அதில் சிவப்புப் பூ. பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குச் சுடிதார் டாப்ஸ். மிச்சத்தில் எனக்கு ரவிக்கை. இதோ போட்டிருக்கிறேனே, இதுதான். நல்ல துணி, இல்லையா? எவ்வளவு தூரத்தில் நின்றாலும் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் போனோம். கிட்டார், டிரம், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம், எல்லாம். அந்த வேப்பமரத்தில் நட்சத்திரம் கட்டினோம். எல்லோரும் சட்டையை அங்கேயே மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். பெப்சி மட்டும் சட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "யக்கா, இதப் போட்டுட்டுத் தண்டவாளம் பக்கம் போனா சிக்னல்னு நெனைச்சி டிரைவர் வண்டிய நிறுத்திருவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கேக் கொடுத்தோம், பாடினோம். பவுனு பாடவில்லை, இருமல். ஆனால் என் பக்கத்தில் வந்து நின்று, என் ரவிக்கைக் கையையும் தன் டாப்ஸ் கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பூவுக்குப் பூ ஒத்துப்போயிற்று. "இப்ப யாரும் பாத்தா நான் ஒங்க மகதான்னு நெனைப்பாங்க" என்றாள்.

அதைக் கேட்டு நான் என்ன ஆனேன் என்று சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, யாராச்சும் வந்து என்னயக் கேட்டா, அப்படி ஒருத்தி இல்லன்னு சொல்லிருங்க. ஒரே ஒரு வார்த்த" என்றாள். யார் கேட்பார்கள் என்றேன். சொல்லவில்லை. நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பார் பவுனு, நான் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. எங்கள் அப்பா செத்தபோது, அம்மாவுக்கு நெஞ்சு வலி, சொல்லாதே என்று எல்லோரும் தடுத்தார்கள். நான் சொன்னேன். உண்மை ஒருநாளும் யாரையும் கெடுக்காது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிக்கா" என்றாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துப் போகிறேன், ஒருத்தன் மேலும் சட்டை இல்லை. பழைய கந்தல்தான். எங்கேடா என்றால், ஒருத்தன் விற்றுவிட்டான், ஒருத்தன் கரியைக் கரைத்து முக்கிக் கறுப்பாக்கி வைத்திருக்கிறான். பெப்சியைப் பிடித்துக் கேட்டேன். "துணி நல்ல துணிதான்க்கா. ஆனா கடைக்காரன் ஒருத்தன் பொருளக் காணோம்னா, மஞ்சச் சட்டைங்கான். பிளாட்பாரத்துல ஒருத்தன் பையக் காணோம்னா, மஞ்சச் சட்டைங்கான். எடுத்தவன் ஒருத்தன், அடி எங்க எல்லாருக்கும். நாங்க எங்க நிக்கோம்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாதுக்கா. அதான் எங்க பொழப்பே" என்றான். நன்றியில்லாத பேச்சு. அன்பாக ஒன்றைக் கொடுத்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள்.

பவுனும் கழற்றி மடித்து வைத்திருந்தாள். நீயுமா என்று கேட்டேன். என் கண் கலங்கியிருக்க வேண்டும். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோளில் தையல் விட்டிருந்தது. என் பையில் ஊசி நூல் உண்டு, கொடுத்தேன். பாதியில் நூல் அறுந்தது. இரண்டு நுனியையும் விரலில் வைத்து ஒரு சொடுக்கு. முடிச்சு விழுந்துவிட்டது. நான் கண்ணிமைப்பதற்குள். எங்கேயடி படித்தாய் என்றால் சிரித்தாள். "கழட்டாதே பவுனு. கூட்டத்தில் உன்னை எனக்குத் தெரிய வேண்டும்" என்றேன். கழற்றவில்லை. எனக்காகத்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், வாசலில் ஒரு மனிதர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு மரியாதையாக. விரலில் ஒரு பச்சைக்கல் மோதிரம், பேசும்போதெல்லாம் அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார். பேர் குமரேசன் என்றார். "ஜங்ஷன் பிள்ளைகளுக்கு நீங்கதான் தெய்வம் மாதிரின்னு சொன்னாங்க. எங்க அண்ணன் மக ஒருத்தி கோவிச்சிக்கிட்டு ஓடி வந்துட்டாம்மா. அவ ஆத்தா படுத்த படுக்கையா கெடக்கு. புது வருசத்துக்குள்ள மூஞ்சியக் காட்டிரணும்" என்றார். பேரும் சரியாகச் சொன்னார், பவுன்தாயி என்று. ஊர், தெரு, போன் நம்பர் எல்லாம் கேட்டுக்கொண்டேன். நான் ஒன்றும் விசாரிக்காமல் சொல்லவில்லை.

ஒரு நிமிஷம் நின்றேன். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆலயத்து வாசலில் நின்றுகொண்டு, கையில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு தாய் படுக்கையில் கிடக்கும்போது, பொய்யா?

சொன்னேன். பார்சல் ஆபீசுக்குப் பின்னால், வேப்பமரம். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வருவாள். அடையாளம் சுலபம், இதோ இந்தத் துணிதான் என்று என் ரவிக்கைக் கையைக் காட்டினேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டார். அவருக்காக ஜெபம்கூடச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நானும் அவரோடு போயிருக்கலாம். சங்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் சந்திக்கும்போது அந்நியர் நிற்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது அவள் இல்லை. பெப்சி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கேலி இல்லை. "வேன்ல வந்தானுவ. மூணு பேரு. கூட்டத்துல நேரா அவகிட்டயே வந்தானுவ, ஒருத்தர்ட்டயும் கேக்கல. இழுத்தானுவ. அவ கத்தல. 'ரேடியோ அக்காவா சொல்லுச்சி'ன்னு மட்டும் கேட்டா. அந்த ஆளு ஆமான்னான். அதுக்குப் பெறவு அவளா ஏறிட்டா" என்றான். நான் சொன்னேன், அவர் அவளுடைய சித்தப்பா, பிள்ளை அடம்பிடித்தால் இழுக்கத்தானே செய்வார்கள். அவன் காலடியில் கிடந்த காலி பாட்டிலை ஓங்கித் தண்டவாளத்தில் எறிந்தான். "இனிமே இங்க வராதீங்க. யக்கா இல்ல, ஒரு மண்ணும் இல்ல." இருபது வயதுகூட ஆகவில்லை, என்னிடம் இப்படி.

புது வருஷ ஆராதனையில் எல்லார் முன்னாலும் எழுந்து சாட்சி சொன்னேன். காணாமல் போன ஆடு வீடு சேர்ந்தது என்று. எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல். நல்ல குரல். நிறுத்தி, தெளிவாக வாசிக்கிறாள். மறுநாளும் அவளே வாசித்தாள். பொங்கல் வரை தினமும் வாசித்தாள்.

எண்ணைத் தப்பாக எழுதியிருப்பேன். வேறென்ன இருக்கும்? அதனால்தான் நேரில் போகிறேன். தேரடிக்குப் பின்னால், கன்னிவிநாயகர் மேலத்தெரு. உனக்கு அந்தப் பக்கம் பழக்கமா? அப்படி ஒரு தெரு இல்லையா? நன்றாக யோசித்துப் பார். புதிதாக வந்திருக்கும்.

என்ன பார்க்கிறாய்? ஓ, ரவிக்கைக் கையில் நூல் தொங்குகிறதா? இழுக்காதே, தையல் விட்டுவிடும். ஒரு முடிச்சுப் போட்டுவிடு, போதும்.

இரு. இன்னொரு தடவை செய்.

இல்லை, இன்னொரு தடவை அதைச் செய்து காட்டு. அந்தச் சொடுக்கு.

எங்கே கற்றுக்கொண்டாய்?

நூல் மில்லிலா? அறுந்த நூலை ஓடுகிற மெஷினிலேயே முடிய வேண்டுமா? எல்லாருக்கும் இந்த முடிச்சு வருமா? இந்த இருமலும் எல்லாருக்கும் வருமா? பஞ்சா. பஞ்சு உள்ளே போய்விடுமா. அவள் சொன்னாள், இது சளியில்லை என்று. நான் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மோதிரத்தைப் பற்றி நான் சொன்னபோதே உன் முகம் மாறியது. பார்த்தேன். கற்கண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டதாக்கும் என்று நினைத்தேன். பச்சைக்கல், கைக்குட்டை. தெரியுமா உனக்கு? உன்னையும் அவர்தான் அழைத்து வந்தாரா? உங்கள் வீட்டில் வந்து என்ன சொன்னார்? மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் வரும் என்றா? உங்கள் வீட்டில் சித்தப்பா என்று சொல்லவில்லையா? ஏஜென்ட் என்றே சொன்னாரா?

நடுவில் ஓடினால் போய்ப் பிடித்து உங்கள் மில்லுக்கே கொண்டு வருவாரா?

நான் பொய் சொல்லவில்லை, அம்மா. அவர்தான் சொன்னார். அதை நீ கவனிக்க வேண்டும். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சரி. அவள் உள்ளே இருந்தால் நீ பார்த்திருப்பாயே. மாம்பழ மஞ்சளில் டாப்ஸ். இதே பூ. யாருக்கும் தவறாது. ஏன் தலையாட்டுகிறாய்?

உள்ளே போனதும் கழற்றிவிடுவார்களா. நீல நிறத்தில் ஒரு கோட்டு. எல்லாருக்குமா? தலையில் துணித் தொப்பி, மூக்கில் துணி. அத்தனை பேரும் ஒரே துணியில்.

ஒரே கட்டுத் துணி.

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா? வார்டன் கூட வர, வரிசையாகக் கடைக்கு. ஓடிப் பிடிபட்டவர்களை அதற்கும் விட மாட்டார்களா. பார்க்க வருகிறவர்களை கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் உட்காரவைப்பார்களா? நாளைக்கு ஞாயிறுதானே. எனக்கு ஆராதனை உண்டு. இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் போகாமல் இருந்ததில்லை. இருக்கட்டும். நான் உன் கூடவே இறங்கிவிடுகிறேன். பக்கத்தில் லாட்ஜ் ஏதாவது இருக்குமா? டீக்கடை பெஞ்சு இருந்தாலும் போதும்.

ரத்த சொந்தத்தைத்தான் விடுவார்களா? தெரிந்தவர்கள், சபைக்காரர்கள் என்றால் விடமாட்டார்களா? பத்திரிகைக்காரியென்று நினைத்து விரட்டிவிடுவார்களா, என் பேச்சைக் கேட்டால்?

நீதான் சொல்லித் தர வேண்டும். நீ இந்தப் பக்கத்துப் பிள்ளை. வாட்ச்மேனிடம் எப்படிச் சொல்ல வேண்டும்? மெதுவாகச் சொல், நான் திருப்பிச் சொல்கிறேன். பவுன்தாயி என் மகள், அவளைக் காண வந்திருக்கிறேன். இல்லை, இது செய்தி மாதிரி இருக்கிறது. காண வேண்டாம், பாக்க. சரி. வந்திருக்கிறேன் வேண்டாமா? சரி.

அதோ புகைபோக்கி தெரிகிறது, அதுவா? இரு, பையை எடுத்துக்கொள்கிறேன். கையைப் பிடித்துக்கொள், எனக்குப் படி சரியாகத் தெரியாது. நீ முன்னால் போய்விடு, என்னோடு பேசினதாகக் காட்டிக்கொள்ளாதே. அதற்கு முன்னால் நான் சொல்வதை ஒரு தடவை கேட்டுவிடு.

"எம் மக பவுனப் பாக்க வந்துருக்கேன்யா. நாந்தான்யா அவளப் பெத்தவ."

எப்படி இருக்கிறது? பொய் மாதிரி இருக்கிறதா?